குண்டடத்துக் கடலும் கால் பிபிஎம்மும்

ஏங்கண்ணு, ராத்திரி பதினோரு மணிக்கு போன் அடிச்சா, ஒறம்பரையில யாரோ போய்ச் சேந்துட்டாங்கன்னுதான் வயசானவிய எந்திரிச்சு உக்காருவாங்க. எடுத்துக் காதுல வெச்சா நீயி! "அப்புச்சி, அமோனியா கால் பிபிஎம் காட்டுதுங்க. எறங்கவே மாட்டீங்குது"ன்னு மூக்கை உறிஞ்சுறே. இந்தக் குண்டடத்துல தண்ணி இல்லீன்னு அழுதவிய உண்டு. போர் போட்டுப் புகை மட்டும் வந்து அழுதவிய உண்டு. தண்ணிக்குள்ள கால் பிபிஎம் இருக்குதுன்னு அழுத மொத ஆளு நீதான் சாமி. உன்ற பேரைப் பஞ்சாயத்து போர்டுல எழுதி வெக்கோணும்.

போவட்டும். கோவிச்சுக்காதே. திருப்பூர்ல வாடகை ஊட்டுக்காரரு 200 லிட்டர் தொட்டியப் பாத்ததும் "மாடி தாங்காது, நடைய கட்டு"ன்னு சொன்னது நாயந்தான். 200 லிட்டர் நல்ல தண்ணின்னா 200 கிலோ. கடத்தண்ணின்னா 205. அந்தக் கூடுதல் அஞ்சு கிலோவுக்கே அவரு அட்வான்சுல பிடிச்சிருப்பாரு. சரி, அப்புச்சி தோட்டத்துச் சாளையில எடம் காலியாத்தானே கெடக்குதுன்னு இங்க கொண்டாந்து எறக்கிட்டே. உப்பாறு அணைக்குப் பரம்பிக்குளம்-ஆழியாறு (பிஏபி) தண்ணி உடச்சொல்லி நம்ம சனம் எத்தனையோ தடவை ரோட்டுல உக்காந்தாச்சு. அந்த அணை காஞ்சு கெடக்கற சீமையில, என்ற ஊட்டு முன்னறையில ஒரு சமுத்திரம் அலையடிக்குது. பாக்க வர்றவியளுக்கெல்லாம் காப்பி போட்டே உன்ற அமுச்சிக்குக் கை ஓஞ்சு போச்சு.

மெட்ராசுல இந்த வேலைய வெள்ளைக்காரன் எப்பவோ செஞ்சு பாத்துட்டான். மியூசியத்துல இருந்த எட்கர் தர்ஸ்டன் துரையோட யோசனையில, 1909-ல மெரினாவுல மீன் காட்சிச்சாலை தொறந்தாங்க. ரெண்டாம் உலகப் போர் வந்து அது மூடிப் போச்சு. ஆனா பாரு, துரை எடம் புடிச்சது கடலுக்கு எதுத்தாப்புல. தண்ணி கெட்டுப் போச்சுன்னா ரோட்டைத் தாண்டுனாப் புதுத் தண்ணி. உனக்கு எந்தத் தெசையில வண்டிய முடுக்குனாலும் கடலப் பாக்க அரைநாள் ஆகும். அதனால நீ துரையவிடக் கெட்டிக்காரனா இருக்கோணும். அதுலதான் எனக்குச் சித்தெ சந்தேகம்.

கடல் செஞ்சது மட்டும் நல்லாத்தான் செஞ்சே. மொதல்ல, "சாயப்பட்டறைக்கு வர்ற உப்பு மூட்டை சல்லிசாக் கெடைக்குதுங்க அப்புச்சி"ன்னு ஆரம்பிச்சே. நாந்தான் தடுத்தேன். சாயம் ஏறக் கொட்டற உப்பு ஒண்ணு சோத்துப்பு, இல்லீன்னா சோடியம் சல்பேட். கடலுன்னா அது மட்டுமில்ல. மெக்னீசியம், சுண்ணாம்பு, பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் அளவோட கலந்திருக்கோணும். அதுக்குன்னே விக்கற உப்புத்தான் வேணும். லிட்டருக்கு 35 கிராம் கணக்குப் போட்டா, 200 லிட்டருக்கு 7 கிலோ. அடர்த்தி 1.025. பட்டறைக்காரன்கிட்ட இருக்கற ட்வாடல் மானியில அதுவே 5 டிகிரி. திருப்பூர்க்காரனுக்கு உப்புத்தண்ணி அளக்கக் கத்துக் குடுக்கவா வேணும்? நொய்யல்ல உப்பும் சாயமும் கலந்துபோச்சுன்னு 2011 சனவரியில ஐகோர்ட்டு அத்தனை சாயப்பட்டறையையும் மூடச் சொல்லுச்சு. தண்ணியிலிருந்து உப்பை எடுக்க ஊரே கோடிக்கணக்குல செலவு பண்ணிட்டிருக்குது. காசு குடுத்து உப்பை வாங்கித் தண்ணிக்குள்ள போடறவன் இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்தன்தான்.

இப்ப விசயத்துக்கு வருவோம். அமோனியான்னா என்னன்னு எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்ல. பிராய்லர் கொட்டாய்ல இத்தனை வருசமாக் குனிஞ்சு நிமுந்தவன். கீழ பரப்புன தேங்காய் நார்த்தூள் ஈரமாச்சுன்னா, கோழி எச்சத்துல இருக்கற யூரிக் அமிலத்தை நுண்ணுயிருக தின்னு அமோனியாவா உடும். வெடியால படுதாவத் தூக்குனதும் கண்ணுல கரகரன்னு தண்ணி கொட்டுமே, அதுதான். கோழியாவது எச்சம் போட்டு, அது ஊறி, பொறவுதான் நாத்தம். மீனு அப்படியில்ல. செவுளு வழியா நேராவே அமோனியாவத் தண்ணிக்குள்ள உட்டுரும். தின்னாம மிஞ்சுன தீனியும், பாறைச் சந்துல செத்து அழுகுன நத்தையும் அதே வேலையச் செய்யும். கொட்டாய்ல படுதாவத் தூக்குனா காத்து அடிச்சுட்டுப் போயிரும். தொட்டியில படுதா கெடையாது.

அதுக்கு மாத்தா இருக்கறதுதான் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டம். 1877-ல பிரெஞ்சு தேசத்துல ஷ்லோசிங், முன்ட்ஸ்னு ரெண்டு பேரு, சாக்கடைத் தண்ணிய மணல் வழியா வடிய உட்டுப் பாத்தாங்க. உள்ள போன அமோனியா நைட்ரேட்டா மாறி வெளிய வந்துது. மணலுக்குக் குளோரோபாம் காட்டுனதும் அந்த மாத்தம் நின்னு போச்சு. அப்பத்தான் இது வெறும் ரசாயனமில்ல, உசுரு பண்ற வேலைன்னு புரிஞ்சுது. 1890 வாக்குல வினோகிராட்ஸ்கிங்கறவரு அந்த உசுருகளத் தனியாப் பிரிச்சுக் காட்டுனாரு. ஒரு கூட்டம் அமோனியாவ நைட்ரைட்டாக்கும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இந்த ரெண்டு கூட்டமும் தொட்டியில நெலச்சு நிக்கறதத்தான் நீ "சைக்கிள் முடியறது"ங்கறே. உன்ற தொட்டியில பாறையிலயும் மணல்லயும் ஸ்பாஞ்சுலயும் அதுக ஒட்டிப் பெருகோணும். அவசரப்படாத சனம் அதுக. கோழிக்கு வர்ற கிருமி சிலது அரைமணிக்கு ஒருக்கா ரெட்டிக்கும். இதுக ரெட்டிக்க ஒரு நாளோ அதுக்கு மேலயோ ஆகும். கடத்தண்ணியில இன்னும் மெதுவு. நாலஞ்சு வாரம், ஆறு வாரம்கூட ஆகும். ஒரு பேட்ச் கோழி குஞ்சா வந்து லாரி ஏறிப் போறதுக்கு ஆகற நாளு. அத்தனை நாளு கோழிக்குப் பொறுத்தவனுக்கு, ஒரு நீமோ மீனுக்குப் பொறுக்க முடியாதா?

நீ பொறுக்கல. கடைக்காரரு "போட்டுருங்க, ஒண்ணும் ஆகாது"ன்னாரு. நீயும் மொத வாரமே அந்த ஆரஞ்சு மீனைப் போட்டுட்டே. போட்ட பொறவு அளந்து பாக்கற டப்பா வாங்குனே. கலியாணம் முடிஞ்ச பொறவு சாதகம் பாக்கற பரம்பரை நம்முளுது இல்லீயே கண்ணு?

சரி, டப்பாவப் பிரி. அதுல ரெண்டு சீசா, ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு வண்ண அட்டை. குழாயில 5 மில்லி தண்ணி. மொத சீசாவுல 8 சொட்டு. ரெண்டாஞ் சீசாவுல 8 சொட்டு. மூடி போட்டு நல்லாக் குலுக்கி 5 நிமிசம் வெக்கோணும். அமோனியா இருந்தா உள்ள நீலப்பச்சைச் சாயம் ஒண்ணு உண்டாகுது. மருந்துக்கு இயல்பாவே மஞ்ச நெறம். ரெண்டும் கலந்து பச்சையாத் தெரியுது. அட்டையில 0-க்கு மஞ்ச. அதுக்கு அடுத்த கட்டம் 0.25, லேசாப் பச்சை பூத்த மஞ்ச. பொறவு 0.5, 1, 2ன்னு பச்சை ஏறிட்டே போகும். உன்ற மொத்தக் கண்ணீரும் அந்த மொதக் கட்டத்துக்கும் ரெண்டாங் கட்டத்துக்கும் நடுவுல கெடக்குது.

இப்ப நீ அதை எங்க வெச்சுப் பாத்தே? தொட்டிக்கு மேல எரியுற நீல விளக்கு வெளிச்சத்துல! அடப் பாவி. பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசர்னு சட்டைப் பாக்கெட்டுல அட்டை மாட்டிட்டுத் திரியறே. சாயப்பட்டறையிலிருந்து லேப் டிப் துணி வந்தா லைட் பாக்ஸுக்குள்ள வெச்சு, டி65 விளக்கப் போட்டு, கண்ணைச் சுருக்கி, "அரை டோன் பச்சை தூக்கலா இருக்குது, ரிஜெக்ட்"ன்னு திருப்பி அனுப்பறே. பட்டறைக்காரன் உன்னைத் திட்டாத நாளில்ல. அதே கண்ணு, அதே பச்சை, ஊட்டுக்கு வந்ததும் நீல விளக்குல வெச்சுப் பாத்துத் தீர்ப்பு சொல்லுது. மஞ்சளுக்கு மேல நீல வெளிச்சம் உழுந்தா என்னாகும்னு உனக்குத் தெரியாதா? பகல்ல, வாசல்ல, நேர் வெயில் படாத நெழல்ல, குழாயை வெள்ளை அட்டையோட ஒட்டி வெச்சு எதுத்தாப்புல பாரு. மேல இருந்து எட்டிப் பாக்காதே. 5 நிமிசத்துல பாரு. அமுச்சி குடுத்த பணியாரத்தத் தின்னுபோட்டு அரைமணி கழிச்சு வந்து பாத்தீன்னா நெறம் ஏறித்தான் நிக்கும். நல்ல தண்ணிக்கொரு அட்டை, கடத்தண்ணிக்கொரு அட்டைன்னு தனித்தனியாக் குடுத்திருப்பான். எதைப் பாக்கறோம்னு தெரிஞ்சு பாரு. சீசா மேல காலாவதித் தேதி இருக்கும், அதையும் ஒருக்காப் படி. மூடிகள மாத்திப் போடாதே.

இன்னொரு வகைச் சோதனை இருக்குது. நெஸ்லர் மருந்துன்னு பேரு. அதுல பாதரசம் உண்டு. மஞ்சள்ல இருந்து பழுப்பாப் போகும். அது கடத்தண்ணிக்கு ஆகாது. மெக்னீசியமும் சுண்ணாம்பும் சேந்து கலங்கிப் பொய் சொல்லும். தண்ணியில அமோனியாவக் கட்டிப்போடற மருந்து ஊத்தியிருந்தா இன்னும் பெரிய பொய் சொல்லும். சல்லிசா எவனாவது அதைக் குடுத்தா வாங்கிட்டு வந்துராதே. பாதரசத்தப் பொடக்காளியில ஊத்தி என்ற தென்னமரத்தக் கெடுக்கவும் வேண்டாம்.

நம்மூர் வடுகநாதர் கோயிலு கதை உனக்கு மறந்திருக்காது. மாட்டு வண்டியில மெளகு மூட்டை ஏத்திட்டு வந்த யாவாரி நம்மூருல ராத்தங்குனானாம். பைரவரே ஒரு கெழவன் வேசத்துல வந்து, "சித்தெ மெளகு குடப்பா, மருந்துக்கு வேணும்"ன்னு கேட்டாராம். குடுக்க மனசில்லாம, "மெளகு எங்கீங்க, இதெல்லாம் பச்சைப்பயறு"ன்னானாம் யாவாரி. ஆகட்டும்னு போயிட்டாரு கெழவரு. வித்த எடத்துல மூட்டையப் பிரிச்சா அத்தனையும் பயறு. பொறவு அழுது வேண்டித்தான் மறுபடி மெளகாச்சுன்னு சொல்லுவாங்க. இன்னிக்கும் அந்தச் சாமிக்கு மெளகுதான் காணிக்கை. வாய் சொல்றது ஒண்ணு, மூட்டைக்குள்ள இருக்கறது ஒண்ணு. உன்ற சோதனைக் குழாய் சொல்றதை மட்டும் நம்பி மருந்து ஊத்திட்டிருந்தே. மூட்டையப் பிரிச்சுப் பாத்தியா?

பிரிக்கறது எப்படின்னு சொல்றேன். ஒரே நேரத்துல மூணு குழாய் வை. மொதக் குழாயில கடையில விக்கற கேன் தண்ணி, இல்லீன்னா ஆர்ஓ தண்ணி. ரெண்டாவதுல அதே தண்ணியில புதுசாக் கலக்கி இன்னும் தொட்டியப் பாக்காத உப்புத்தண்ணி. மூணாவதுல தொட்டித் தண்ணி. மூணுக்கும் ஒரே மருந்து, ஒரே நிமிசம், ஒரே வெளிச்சம். மீனே போகாத மொதக் குழாயும் கால் பிபிஎம்னு சொல்லுச்சுன்னா, சங்கதி தண்ணியில இல்ல. உன்ற டப்பாவுலயோ கண்ணுலயோ கையிலயோ இருக்குது. மொதக் குழாய் சுத்தமா இருந்து ரெண்டாவது மட்டும் பச்சை காட்டுச்சுன்னா, உப்புலயே கொஞ்சம் அமோனியா இருக்குது. உப்பு மூட்டைகள்ல அப்படி இருக்கறது உண்டு. நீ வர்றப்பெல்லாம் தண்ணி மாத்தறேன்னு அதையே உள்ள கொண்டுபோய் ஊத்தறே. மூணாவது மட்டும் பச்சைன்னா, அப்பத்தான் தொட்டியப் பத்திப் பேசோணும்.

போன ஞாயித்துக்கெழமை இதைத்தானே திண்ணையில உக்காந்து செஞ்சோம்? மூணும் கால் பிபிஎம்! கேன் தண்ணிகூட! உன்ற மொகத்துல ஈயாடல. நான் உன்ற கையைத்தான் பாத்துட்டிருந்தேன். சொட்டு உட்டதும் மூடியத் தேடப் பஞ்சி பட்டுட்டு, கட்டவெரலக் குழாய் வாயில வெச்சு அழுத்திக் குலுக்குனே. அதுக்கு அரைமணி முந்தித்தான் கொட்டாய்ல எனக்கு ஒத்தாசையா நார்த்தூளக் கெளறிக் குடுத்தே. காலையில வெங்காயத்துக்கு யூரியா மூட்டையும் நீதான் பிரிச்சே. கையை வேட்டியில தொடச்சா கழுவுனதா ஆயிருமா? கணக்குப் பாரு, நீ படிச்சவன்தானே. 5 மில்லித் தண்ணியில கால் பிபிஎம் காட்டறதுக்கு ஒரு கிராமுல பத்து லட்சத்துல ஒண்ணேகால் பங்கு அமோனியா போதும். உன்ற வெரல் ரேகைக்குள்ள அதுக்கு மேல இருக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். குழாயையும் அதே கேன் தண்ணியில அலசச் சொன்னேன். மூடி போட்டுக் குலுக்கச் சொன்னேன். கேன் தண்ணி பளிச்சுனு மஞ்ச. உப்புத்தண்ணியும் மஞ்ச. ரெண்டு வாரமா நீ மருந்து ஊத்துனது உன்ற கட்டவெரலுக்கு!

"அப்பத் தொட்டியும் சுத்தந்தானுங்க"ன்னு உடனே துள்ளுனே பாரு, அங்கதான் உன்ற வயசு தெரிஞ்சுது. மூணாவது குழாயைப் பாக்காமயே துள்ளுனே. அதுல இன்னும் லேசாப் பச்சை இருந்துது. முன்னளவுக்கு இல்ல. ஆனா மத்த ரெண்டோட ஒட்டி வெச்சாத் தெரிஞ்சுது. அளவு பொய்யின்னு கண்டுபுடிச்சவன் அத்தோட தண்ணி சுத்தம்னு முடிவு கட்டுனா, அவனும் பாதி யாவாரிதான். பொய்யக் கழிச்ச பொறவு மிச்சம் நிக்கறது நெசம். அதைத்தான் தேடோணும்.

மிச்சத்துல ஒரு பங்கு எங்கிருந்து வந்துதுன்னு எனக்கு அப்பவே பிடிபட்டுது. உன்ற காத்து மோட்டார எங்க வெச்சிருந்தே? சத்தம் போடுதுன்னு சன்னலுக்கு வெளிய, கொட்டாய்ப் பக்கமா. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து நம்மூருக்கு வர்றப்ப காத்தாலையே சுத்துது. அந்தக் காத்துதான் கொட்டாயத் தாண்டி நேரா அந்த மோட்டாருக்கு வருது. அது ராவும் பகலும் உறிஞ்சி உறிஞ்சித் தொட்டிக்குள்ள குமிழு குமிழா உடுது. அமோனியா தண்ணியக் கண்டா உடனே கரையும். இது பொய் அளவு இல்ல கண்ணு, நெசமான அமோனியா. மீன் போட்டதில்ல, கோழி போட்டது. மோட்டாரக் கிழக்குப் பக்கத்துக்கு மாத்தி வெச்சோம். இனி கோழிக்கும் மீனுக்கும் சம்பந்தம் இல்ல.

உனக்கு இன்னொரு கணக்கும் தெரியோணும். அந்தக் குழாய் காட்டறது மொத்த அமோனியா. அதுல ரெண்டு சாதி. ஒண்ணு மீனைக் கொல்றது. ஒண்ணு அமோனியம்னு சாதுவானது. எது எத்தனைங்கறது தண்ணியோட பிஎச்சப் பொறுத்தது. பிஎச் 7 இருக்கற நல்ல தண்ணியில மொத்தத்துல 200-ல ஒரு பங்குதான் கொல்ற சாதி. கடத்தண்ணி 8.2-ல நிக்கும். அதுல நூத்துக்கு ஏழு பங்கு வாக்குல வரும். சூடு ஏறுனா அதுவும் ஏறும். கால் பிபிஎம் மொத்தம்னா, கொல்ற சாதி 0.02-க்குள்ள. இன்னிக்கு ராத்திரி மீன் செத்துராது, ஆனா அப்படியே உட்டுட்டு வாரக்கணக்குல குந்தியிருக்கவும் கூடாது. அமோனியா இருக்கறப்ப பிஎச்ச ஏத்தறேன்னு எதையாச்சும் அள்ளிப் போட்டுராதே. சாதுவா இருந்ததுல இன்னுங் கொஞ்சம் சாதி மாறி மீன் மேல பாயும். கட்டிப்போடற மருந்து ஊத்துன பொறவும் குழாய் பச்சைதான் காட்டும். கட்டுனதையும் சேத்துத்தான் அது எண்ணுது. அதைப் பாத்து மறுபடி மருந்து, மறுபடி பச்சை, மறுபடி மருந்து. கடைக்காரரு பையனப் பொள்ளாச்சியில காலேசுல சேத்துட்டாருன்னு கேள்வி. உன்ற காசுதான் பீசு.

குழாயப் பாக்கறதோட மீனையும் பாரு. நீமோ மேல வந்து வாயைப் பொளந்து மூச்சு வாங்குதா? செவுளு செவந்திருக்குதா? தீனி போட்டா மூலையில ஒண்டுதா? அப்படின்னா அளவு என்ன காட்டுனாலும் மூணுல ஒரு பங்கோ பாதியோ தண்ணி மாத்து, காத்த அதிகம் உடு, தீனிய நிறுத்து, செத்தது ஏதாச்சும் பாறைச் சந்துல இருக்குதான்னு தேடு. நம்ம நீமோ அப்படியா இருக்குது? நான் பக்கத்துல போனா ஓடி வந்து கண்ணாடிய முட்டுது. போன் பண்ணி அழுவறதுக்கு முந்தி அதோட மொகத்த ஒருக்காப் பாத்திருக்கலாம்.

நீ பண்ணுன வெனையையும் சொல்லிடறேன். வர்றப்பெல்லாம் ஸ்பாஞ்சப் புழிஞ்சு, பஞ்சாயத்துக் கொழாய்த் தண்ணியில கழுவுனே. டேங்குல ப்ளீச்சிங் பவுடரு போட்ட தண்ணி அது. அந்தக் கிருமிகளக் கொல்லத்தான் போடறாங்க. வாரம் முச்சூடும் ஒட்டிப் பெருகுன கூட்டத்த வாரக்கடைசியில வந்து கழுவி உட்டுட்டு, "இன்னும் சைக்கிள் முடியலீங்க"ன்னு கேக்கறே. கழுவறதுன்னா தொட்டியிலிருந்து எடுத்த உப்புத்தண்ணியிலயே அலசு. போதும்.

கரண்டும் ஒரு காரணம். மாசத்துக்கு ஒருக்கா பராமரிப்புன்னு வெடியால நிறுத்துனா பொழுதோடதான் குடுப்பாங்க. நீ திருப்பூர்ல. மோட்டாரு நின்னா ஸ்பாஞ்சுக்குள்ள இருக்கற கூட்டத்துக்கு மூச்சு முட்டும். அதுக காத்து வாங்கித்தான் வேலை செய்யுதுக. கடத்தண்ணி நல்ல தண்ணியளவுக்குக் காத்தப் புடிச்சு வெக்காது. சூடான தண்ணி இன்னும் குறைவாத்தான் புடிக்கும். பேட்டரியில ஓடற காத்து மோட்டார் ஒண்ணு வாங்கி வை. நான் போட்டு உடறேன். ஆடிக்காத்துக்குத் தண்ணி நெம்ப வத்தும். அப்ப உப்புத்தண்ணி ஊத்தாதே, ஆர்ஓ தண்ணி ஊத்து. ஆவியாப் போறது தண்ணி மட்டுந்தான். உப்பு அங்கயேதான் குந்தியிருக்கும்.

இன்னொண்ணு. "ராமேஸ்வரத்துப் பக்கம் பிரண்டு இருக்கான், உசுருள்ள பவளப்பாறை கொண்டாந்து தர்றேங்கறான், போட்டா ஒரே வாரத்துல சைக்கிள் முடியும்"ன்னியே. அந்த நெனப்ப இன்னிக்கே உடு. மன்னார் வளைகுடாவுல 21 தீவு சேத்து 1986-ல தேசியப் பூங்கா ஆக்கியாச்சு. பவளத்தையும் கடல்குதிரையையும் 2001-லயே புலியோட பட்டியல்ல சேத்தாச்சு. ஒரு துண்டு பாறைய பஸ்ஸுல கொண்டாந்தா, நீ செயிலுக்குப் போயி, உன்ற மீன் இங்க தனியா இருக்க வேண்டி வரும். பட்டறையில சுட்ட பாறை, காஞ்ச பாறைன்னு விக்கறாங்க. அதுல கூட்டம் ஒட்ட நாளாகும், ஆகட்டும். மீனும் கடல்ல புடிச்சதக் கேக்காதே. மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துலயே நீமோவக் குஞ்சு பொறிக்க வெச்சு வளத்துக் காட்டியிருக்காங்க. பண்ணையில பொறந்தது தொட்டிக்குப் பழகிக்கும். நீ அடுத்த மீனப் போடற காலத்துல கேட்டு வாங்கு.

அந்தக் காலம் எப்ப வரும்? நீமோவ ஒரு வாரத்துக்குக் கடைக்காரரு தொட்டியிலயே உட்டுட்டு, உன்ற தொட்டியச் சோதி. அமோனியம் குளோரைடு, அதான் ஈயம் பூசறவிய கொண்டு வருவாங்களே நவச்சாரம், அதேதான். ஆனா அவிய மூட்டையிலிருந்து வேண்டாம், கலப்பு இருக்கும். லேபு மருந்துக் கடையில சுத்தமானதா வாங்கு. 200 லிட்டருக்கு ஒண்ணேகால் கிராம் போட்டா 2 பிபிஎம் ஏறும். அடுத்த நாள் அதே நேரத்துல அமோனியாவும் நைட்ரைட்டும் ரெண்டுமே 0 காட்டோணும். ஒண்ணு காட்டி ஒண்ணு காட்டலீன்னாப் பொறு. கடத்தண்ணியில நைட்ரைட்டு நல்ல தண்ணியில கொல்ற அளவுக்குக் கொல்லாது, உப்புல இருக்கற குளோரைடு தடுத்துரும். ஆனா ரெண்டாங் கூட்டம் இன்னும் சேரலீன்னு அது சொல்லுது. சோதிக்கறப்ப பக்கத்துல கேன் தண்ணிக் குழாய் ஒண்ணு நிக்கோணும். அது மஞ்சளா இருந்தாத்தான் மத்தது சொல்றத நம்பு. கையை மட்டும் மறக்காமக் கழுவு.

இதெல்லாம் பண்ணியும், மோட்டாரத் திருப்பி வெச்சும், தொட்டித் தண்ணி மத்த ரெண்டவிட ஒரு நூலளவு பச்சையாத்தான் நிக்குது. உன்ற மூளைக்கு எட்டாத காரணம் ஒண்ணு இருக்குது, எனக்குத் தெரியும். நீ வெடியால ஒரு சிட்டிகை, பொழுதோட ஒரு சிட்டிகை தீனி போடச் சொல்லிட்டுப் போனே. நான் சொன்னபடி போட்டுட்டு வர்றேன். ஆனா நான் கொட்டாய்க்குப் போனதும், "ஒத்தையாக் கெடக்குது பாவம், என்னத்தத் தின்னுதோ"ன்னு அடுப்படியிலிருந்து ஒரு கை வருது. கட்டுத்தரையில மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு ஒரு கை. நாடகம் பாக்கறப்ப விளம்பரத்துக்கு விளம்பரம் ஒரு கை. தீனி டப்பா ஒரு மாசத்துக்குன்னு நீ வாங்குனது, பத்தே நாள்ல தட்டிப் பாக்கற நெலமை. தொட்டி மூலையில தின்னாம ஊறிக் கெடக்கறத நானே டியூப்பு போட்டு எடுத்துட்டிருக்கேன்.

ஆக, அமோனியாவுக்குக் காரணம் கெடைச்சாச்சு, வைத்தியமும் கெடைச்சாச்சு. அந்தக் கையை நிறுத்தோணும். அதை அமுச்சிகிட்ட நீயே வந்து சொல்லிக்கோ சாமி. நான் இந்த ஊட்டுல இன்னும் சோறு திங்கோணும்.